வினைல் கட்டர் வாங்குவதற்கு முன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்டிக்கர் வேலை தொடங்க நினைக்கிற நம் ஆட்கள் நிறையப் பேர், கோலாலம்பூரில் செந்தூல், பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கமும் சரி, பினாங்கில் பிறை, பட்டர்வொர்த் பக்கமும் சரி. கார் பின்கண்ணாடியில் வேல், கடைக் கண்ணாடியில் திறக்கும் நேரம், லோரிக் கதவில் கம்பெனிப் பெயர் என்று வேலைக்குக் குறைவில்லை. எந்தக் கட்டரை வாங்குவது என்பதில்தான் குழப்பம். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை, வந்த மாதிரியே கீழே போட்டிருக்கிறேன்.

கட்டர் என்ன செய்யும்? அச்சும் அடிக்குமா?

அடிக்காது. ஏற்கெனவே நிறம் உள்ள வினைல் (பின்னால் பசையுள்ள பிளாஸ்டிக் படலம்) ரோலை முன்னும் பின்னும் நகர்த்தி, அதன் மேல் பிளேடு இடமும் வலமுமாக ஓடி, மேல் படலத்தை மட்டும் வெட்டும். அடிப்பேப்பர் வெட்டுப்படாமல் நிற்க வேண்டும். வேண்டாத பகுதியை உரித்துப் போட்டுவிட்டு, மிச்சம் நிற்கும் எழுத்தின் மேல் டிரான்ஸ்ஃபர் டேப் ஒட்டித் தூக்கிக்கொண்டு போய்க் கண்ணாடியிலோ கதவிலோ பதிக்கிறோம். முகப்படம், பல நிறம் கலந்த லோகோ, தைப்பூசத் தண்ணீர்ப் பந்தல் பேனர் இதெல்லாம் பிரிண்டர் வேலை, அதற்குக் கட்டர் வாங்கிப் பயனில்லை.

அண்ணே, கிரிகட் மாதிரி சின்ன மெஷின் போதாதா? வீட்டு மேசையிலேயே வைத்துக்கொள்ளலாமே.

கல்யாணப் பரிசுப் பெட்டியில் பெயர், தண்ணீர்ப் போத்தலில் பிள்ளையின் பெயர், இந்த அளவோடு நிற்பதென்றால் போதும். போர்டு வேலைக்குப் போதாது. அதன் அகலம் வழக்கமாக 12 அங்குலம், கடையில் கிடைக்கும் வினைல் ரோலோ 610 மி.மீ., அதாவது 24 அங்குலம், இல்லையென்றால் 1220 மி.மீ. ஒவ்வொரு முறையும் ரோலை நறுக்கிக்கொண்டு உட்கார முடியாது. அதைவிடப் பெரிய சிக்கல், கிரிகட் அதன் சொந்த மென்பொருளில் மட்டும்தான் ஓடும், அதற்கும் கணக்கு திறந்து உள்ளே போக வேண்டும். தொழிலுக்கு வாங்கும் கருவி எந்த மென்பொருளிலிருந்து அனுப்பினாலும் வெட்ட வேண்டும் என்பது என் கட்சி.

அப்படியென்றால் 24 அங்குலமா, 48 அங்குலமா?

முதல் மெஷின் என்றால் 24. லோரிக் கதவு எழுத்து, கண்ணாடி எழுத்து, கார் ஸ்டிக்கர், டி-சட்டை எல்லாமே அந்த அகலத்துக்குள் அடங்கும். பெரிய எழுத்து வந்தால் இரண்டு துண்டாக வெட்டி ஓரத்தில் சில மி.மீ. மேலேற்றி ஒட்டலாம். பெரிய போர்டு வேலையே உங்கள் பிழைப்பு என்று ஆன பிறகு 48-ஐப் பற்றி யோசியுங்கள். வாங்குவதற்கு முன் இடத்தை அளந்து பாருங்கள்: மெஷினின் அகலம் மட்டும் கணக்கில்லை, வினைல் பின்னாலும் முன்னாலும் தடையில்லாமல் போய்வர இடம் வேண்டும், சுவரில் முட்டினால் வெட்டு கோணலாகிவிடும்.

ஒரு விவரம். 24 அங்குலக் கருவி என்று விற்றாலும் வெட்டும் அகலம் அதைவிடக் கொஞ்சம் குறையும், ஏனென்றால் ஓரத்தை ரோலர் பிடித்துக்கொள்ள வேண்டும். ரோலண்ட் ஜி.எஸ்.-24 வெட்டுவது 584 மி.மீ.

சீனா மெஷினுக்கும் ஜப்பான் மெஷினுக்கும் விலை பல மடங்கு வித்தியாசம். அப்படி என்ன இருக்கிறது உள்ளே?

முக்கியமாக மோட்டார். விலை குறைந்தவற்றில் பெரும்பாலும் ஸ்டெப்பர் மோட்டார் இருக்கும். அது இத்தனை படி நகரு என்றால் நகரும், ஆனால் நகர்ந்ததா இல்லையா என்று திரும்பிப் பார்க்காது. வேகத்தைக் கூட்டினாலோ வினைல் எங்கேயாவது இழுத்துப் பிடித்தாலோ ஒரு படியைத் தவறவிட்டுவிட்டுத் தெரியாத மாதிரி மேலே போய்க்கொண்டிருக்கும், அதற்குப் பிறகு வரும் எழுத்தெல்லாம் இடம் மாறிவிடும். ரோலண்ட், கிராஃப்டெக், மிமாக்கி போன்ற ஜப்பான் கருவிகளில் இருப்பது சர்வோ. தான் எங்கே இருக்கிறோம் என்பதைத் தானே சரிபார்த்துக்கொண்டு ஓடும், சத்தமும் குறைவு. இரவில் தாமான் வீட்டில் வேலை செய்கிறவர்களுக்கு இந்தச் சத்தம் சின்ன விஷயமில்லை.

ஆங்கிலப் பெரிய எழுத்தில் நேர்கோடு அதிகம். நம் எழுத்து அப்படியில்லை, முழுக்க வளைவு. மலிவான ஸ்டெப்பர் மெஷினில் வேகமாக வெட்டினால் வளைவின் ஓரம் படிக்கட்டாகத் தெரியும், ‘ழ’வின் வாலைப் பார்த்தாலே சொல்லிவிடலாம்.

இரண்டாவது வித்தியாசம் ரோலரும் அதன் பிடியும். நீளமாக வெட்டும்போது வினைல் ஒரு பக்கம் சாயாமல் நேராகப் போக வேண்டும், விலையில் ஒரு பங்கு இதற்கும்தான் என்பேன். ஆனால் சீனா மெஷின் வாங்கவே கூடாது என்று சொல்ல மாட்டேன். ஒரு மீட்டருக்குள் அடங்கும் வேலை, பெரிய எழுத்து, மெதுவான வேகம் என்றால் அதுவும் ஒழுங்காக வெட்டும். இப்போது சர்வோ வைத்த சீனா மெஷின்களும் வருகின்றன, பட்ஜெட் இறுக்கமானவர்கள் அதைத் தேடிப் பார்க்கலாம்.

விளம்பரத்தில் 500 கிராம் அழுத்தம், 800 மி.மீ. வேகம் என்று போட்டிருக்கிறார்கள். எண் கூடக் கூட நல்லதுதானே?

இல்லை. சாதாரண போர்டு வினைலுக்குத் தேவைப்படும் அழுத்தமே சுமார் 80 முதல் 120 கிராம்தான். ஜி.எஸ்.-24 தருவது அதிகபட்சம் 350, கிராஃப்டெக் சி.இ.7000-60 தருவது 450. இரண்டும் அன்றாட வேலைக்கு மிஞ்சிய எண். ஒளி பிரதிபலிக்கும் ஷீட், மணல் அடிக்கும் ஸ்டென்சில் ரப்பர் மாதிரி தடித்த பொருள் வெட்டுகிறவர்களுக்குத்தான் மேல் எண் பயன்படும். வேகமும் அப்படியே, நீள நேர்கோட்டில் மட்டும்தான் அந்த எண் வரும். சின்னத் தமிழ் எழுத்தை நானே வினாடிக்கு 100, 150 மி.மீ. வேகத்துக்கு இறக்கித்தான் வெட்டுகிறேன்.

தமிழ் எழுத்து வெட்டுவதற்கு என்று தனியாகக் கவனிக்க ஏதாவது இருக்கிறதா?

இருக்கிறது, நிறைய. யாரும் எழுதி வைக்காததால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

முதலில் புள்ளி. ‘க்’, ‘ம்’, ‘ன்’ மேல் வைக்கிற அந்தச் சின்ன வட்டம்தான் கட்டருக்குப் பெரிய சோதனை. விட்டம் 3 மி.மீ.க்குக் கீழே போனால், பிளேடு சுற்றி வரும்போதே அது பேப்பரை விட்டு எழும்பி பிளேடில் ஒட்டிக்கொள்ளும், அல்லது உரிக்கும்போது கழிவோடு சேர்ந்து வந்துவிடும். புள்ளி போனால் சொல்லே மாறிவிடுகிறது, ‘கண்’ணில் புள்ளி விழுந்தால் ‘கண’தான் மிஞ்சும். சின்ன எழுத்து வேலையில் எழுத்துருவின் புள்ளியை அப்படியே விடாமல் நான் கொஞ்சம் பெரிதாக்கிவிடுகிறேன், பார்க்கிறவருக்கு வித்தியாசம் தெரியாது.

அடுத்து சுழி. ஆங்கிலத்தில் ‘ஓ’, ‘ஏ’ மாதிரி சில எழுத்துக்குத்தான் உள்ளே ஓட்டை. நமக்கு மூன்று சுழி ண, இரண்டு சுழி ன, இ, ஞ, ஐ, கூ என்று எங்கே பார்த்தாலும் சுழி. ஒவ்வொரு சுழிக்குள்ளும் இருக்கும் துணுக்கைக் கொக்கி ஊசியால் தனித்தனியாகக் குத்தி எடுக்க வேண்டும். வெட்டு வட்டம் தொடங்கின இடத்திலேயே வந்து முடியவில்லை என்றால் அந்தத் துணுக்கு ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டு எழுத்தையும் சேர்த்து இழுக்கும். மெஷினின் நிதானம் தெரிவது இங்கேதான்.

மூன்றாவது கொம்பு. பழைய மென்பொருள் சிலவற்றில் தமிழை நேரடியாகத் தட்டினால் ‘கொ’வின் கொம்பு தப்பான பக்கம் போய் நிற்கும், ‘கி’யின் விசிறி பிரிந்து விழும். தமிழ் படிக்கத் தெரியாத ஆள் வெட்டினால் அவருக்கு அது தப்பு என்றே தெரியாது, வெட்டி ஒட்டிக் கொடுத்துவிடுவார். கோவில் வாசலிலும் கடை முகப்பிலும் இப்படி உடைந்த தமிழைப் பார்க்கும்போது மனசு வலிக்கிறது. தமிழ் தெரிந்த ஒருவர் இந்தத் தொழிலுக்கு வர வேண்டும் என்று நான் விரும்புவதே இதனால்தான்.

நான்காவது, ஒன்றின் மேல் ஒன்று ஏறும் கோடுகள். எழுத்தை நெருக்கி வைத்தாலோ, எழுத்துருவில் துணைக்கால் தனித்துண்டாக இருந்தாலோ, திரையில் சேர்ந்தே தெரியும். கட்டர் ஒவ்வொரு கோட்டையும் தனியாக வெட்டி எழுத்தின் நடுவில் கீறல் போட்டுவிடும். வெட்ட அனுப்புவதற்கு முன் எழுத்தை வளைகோடாக மாற்றி, எல்லாவற்றையும் ஒன்றாக இணைத்துவிடுங்கள். கோரல்டிரா என்ற வரைகலை மென்பொருளில் அது வெல்ட், இங்க்ஸ்கேப்பில் யூனியன்.

எந்த மென்பொருள்? காசு கொடுத்து வாங்க வேண்டுமா?

இங்க்ஸ்கேப் இலவசம், யூனிகோட் தமிழைச் சரியாகக் காட்டும், எச்.பி.ஜி.எல். என்ற கட்டளை மொழி புரிகிற கட்டருக்கு நேராக அனுப்பவும் செய்யும். தொடக்கத்துக்கு இது போதும். ரோலண்டுடன் கட்ஸ்டூடியோ வரும். விலை குறைந்த மெஷின்களோடு சைன்மாஸ்டர் தருகிறார்கள், சிலர் இன்னும் பழைய ஆர்ட்கட் சிடியைத் தருகிறார்கள். எது வந்தாலும் தமிழை அதில் தட்டாதீர்கள். இங்க்ஸ்கேப்பில் செய்து வளைகோடாக்கிக் கொண்டு போங்கள். மேக் வைத்திருப்பவர்கள் டிரைவர் இருக்கிறதா என்று பணம் கொடுப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

கடைக்குப் போய் மெஷினைப் பார்க்கும்போது எதைச் சோதிப்பது?

கடைக்காரர் ஒரு மான் படத்தையோ பூவையோ வெட்டிக் காட்டுவார். அது அவருடைய ஃபைல், எல்லா மெஷினிலும் அழகாகத்தான் வரும். நீங்கள் உங்கள் ஃபைலைப் பென்டிரைவில் கொண்டு போங்கள்.

அதில் மூன்று விஷயம் இருக்கட்டும். ஒன்று, 15 மி.மீ. உயரத்தில் ‘கண்ணன் ஸ்டோர்ஸ்’ மாதிரி புள்ளியும் சுழியும் நிறைந்த ஒரு வரி. வெட்டின பிறகு நீங்களே உட்கார்ந்து உரித்துப் பாருங்கள், கடைக்காரரை உரிக்க விடாதீர்கள், அவர் கை பழகின கை. புள்ளி அத்தனையும் நிற்கிறதா, ‘ஸ்’ஸின் மூலை கூர்மையாக இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு, 10 செ.மீ. விட்டமுள்ள வட்டம். தொடங்கின இடமும் முடிந்த இடமும் சேர வேண்டும், குறுக்கிலும் நெடுக்கிலும் ஸ்கேல் வைத்தால் ஒரே அளவு வர வேண்டும். மூன்று, மூன்று மீட்டர் நீளச் செவ்வகம். இதைத்தான் விற்கிறவர் தவிர்க்கப் பார்ப்பார், வினைல் வீணாகும் என்பார். வெட்டாவிட்டாலும் பரவாயில்லை, மூன்று மீட்டரை முன்னே ஓட்டிப் பின்னே இழுக்கச் சொல்லி, ஓரம் ரோலரை விட்டு எவ்வளவு விலகுகிறது என்று குனிந்து பாருங்கள். சாய்ந்துகொண்டே போனால் நீளமான வேலைக்கு அந்த மெஷின் ஆகாது.

அப்புறம் மெஷினைப் பற்றி இல்லாமல் கடையைப் பற்றி ஒரு கேள்வி: பழுதானால் இங்கே யார் பார்ப்பார்கள்? ஷோப்பி, லாசாடா மாதிரி ஆன்லைன் கடைகளில் விலை குறைவாக இருக்கும், ஆனால் மதர்போர்டு போனால் எங்கே அனுப்புவது என்று விற்கிறவரிடம் முன்பே எழுதிக் கேளுங்கள், பதில் வரவில்லை என்றால் அதுவே பதில். கிள்ளான் பள்ளத்தாக்கிலோ பினாங்கிலோ டெக்னீஷியன் வைத்திருக்கிற கடையில் சில நூறு ரிங்கிட் கூடுதலாகக் கொடுத்து வாங்குவது எனக்குச் சரியாகப் படுகிறது.

பிளேடைப் பற்றிச் சொல்லுங்கள்.

30, 45, 60 என்று கோணம் வரும். சாதாரண வினைலுக்கு 45. தடித்த பொருளுக்கும் மிகச் சின்ன எழுத்துக்கும் 60. முனை நடுவில் இல்லாமல் வழக்கமாக 0.25 மி.மீ. தள்ளி இருக்கும், அந்த எண்ணை மெஷினில் சரியாகக் கொடுக்கவில்லை என்றால் மூலைகள் மழுங்கிப் போகும். வெட்டின பிறகு வினைலை உரித்து அடிப்பேப்பரைத் தடவிப் பாருங்கள், மெல்லிய கீறல் தெரிந்தால் போதும், பேப்பர் கிழிந்தால் பிளேடு அதிகமாக நீட்டியிருக்கிறது. அப்படியே விட்டால் பிளேடுக்கு அடியிலுள்ள டெஃப்லான் பட்டையில் பள்ளம் விழும், அதற்குப் பிறகு எந்த பிளேடு போட்டாலும் வெட்டு விட்டு விட்டுத்தான் வரும். மெஷின் வாங்கும்போதே நல்ல பிளேடு இரண்டும் ஒரு மாற்றுப் பட்டையும் சேர்த்து வாங்கி வையுங்கள்.

நண்பரிடம் லேசர் மெஷின் இருக்கிறது. அதில் வெட்டிக்கொள்ளலாமா?

வேண்டவே வேண்டாம். போர்டு வினைல் பி.வி.சி. லேசரில் எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும், நுரையீரலுக்குக் கேடு, மெஷினின் இரும்பெல்லாம் துருப்பிடிக்கும்.

அச்சடித்த ஸ்டிக்கரைச் சுற்றி வெட்ட முடியுமா? முறுக்கு டப்பாவுக்கு லேபிள் கேட்கிறார்கள்.

அதற்கு, படத்தோடு சேர்த்து மூலைகளில் அச்சடிக்கும் அடையாளக் குறியைத் தானே படிக்கும் கண் மெஷினில் இருக்க வேண்டும். வெறும் லேசர் பொட்டு வைத்து ஒவ்வொரு மூலையாக நீங்களே காட்ட வேண்டிய மெஷின்கள் உண்டு, பத்து லேபிளுக்குச் சரி, நூறுக்குப் பொறுமை போய்விடும். சென்சரோ கேமராவோ உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். ஈகோ-சால்வென்ட் மையில் அச்சடித்து வாங்கினால் ஒரு நாளாவது காயவிட்ட பிறகே லேமினேட் செய்து வெட்டுங்கள், அவசரப்பட்டால் ஓரம் சுருளும். மாதம் ஒன்றிரண்டு ஆர்டர்தான் வருகிறது என்றால் அச்சடித்து வெட்டித் தரும் கடையில் கொடுத்து வாங்குவதே லாபம்.

எந்த வினைல்?

காலண்டர்டு (உருளைகளுக்கிடையில் அழுத்திச் செய்தது), காஸ்ட் (ஊற்றி வார்த்தது) என்று இரண்டு குடும்பம். தட்டையான கண்ணாடி, போர்டு, லோரிக் கதவு என்றால் காலண்டர்டு போதும், வளைந்த கார் உடம்பில் காஸ்ட். ஓரகால் 651 என்ற காலண்டர்டு வினைலுக்கு வெளிப்புறத்தில் கறுப்பு வெள்ளை 6 ஆண்டு என்று தயாரிப்பாளர் தருகிற கணக்கு மத்திய ஐரோப்பியத் தட்பவெப்பத்துக்குச் சொன்னது. நம் வெயிலில், அதுவும் கார் போனட் மாதிரி வானத்தைப் பார்த்துக் கிடக்கும் இடத்தில், அந்த எண்ணை வாடிக்கையாளரிடம் வாக்குக் கொடுக்காதீர்கள்.

நம் ஊர் ஈரமும் இடியும் மெஷினைப் பாதிக்குமா?

ரொம்ப. ஈரக்காற்றில் அடிப்பேப்பர் ஈரம் இழுத்து அலை அலையாக எழும்பும், நேராக ஓடாது. ரோலைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு நிறுத்தியோ தொங்கவிட்டோ வையுங்கள், சிமெந்துத் தரையில் கிடத்தாதீர்கள். நடுப்பகல் சூட்டில் பசை இளகி எழுத்து ஒன்றோடொன்று ஒட்டும், சின்ன எழுத்தைக் காலையிலேயே உரித்துவிடுவது நல்லது.

கிள்ளான் பள்ளத்தாக்கு உலகத்திலேயே இடி மின்னல் மிக அதிகமான இடங்களில் ஒன்று. சர்ஜ் புரொடெக்டர் கட்டாயம், இடி இடித்தால் பிளக்கோடு யு.எஸ்.பி. கேபிளையும் கழற்றுங்கள், அந்த வழியாகவும் மின்னல் வந்து கணினி கெட்டுப்போகும். எர்த் இல்லாத இணைப்பில் ஓட்டாதீர்கள். வினைல் உரசி உரசி நிலைமின்சாரம் சேர்ந்து, பாதி வேலையில் மெஷின் நின்றுபோவதற்கு இதுவும் ஒரு காரணம்.

போர்டு போட லைசென்ஸ் வேண்டுமா? நம்பர் பிளேட் வெட்டலாமா?

கடைப் பெயர்ப் பலகைக்கு ஊராட்சி மன்றத்தின் லைசென்ஸ் வேண்டும். கோலாலம்பூரில் 1982-ஆம் ஆண்டு விளம்பரத் துணைச் சட்டம் இதற்கு உண்டு. மலாய் எழுத்து மற்ற மொழிகளைவிடப் பெரிதாகவும் முன்னாலும் தெரிய வேண்டும், மலாய் வாசகத்துக்கு டேவான் பஹாசா என்ற மலாய் மொழி நிறுவனத்தின் சரிபார்ப்பும் கேட்பார்கள். வாடிக்கையாளரிடம் ஒப்புதல் கடிதத்தைப் பார்த்துவிட்டு வெட்டுங்கள், இல்லாவிட்டால் கழற்றி மறுபடி செய்யும் செலவு யார் தலையில் என்று தகராறு வரும். நம்பர் பிளேட்டுக்கு ஜே.பி.ஜே. (சாலைப் போக்குவரத்து இலாகா) அளவு இருக்கிறது, காருக்கு எழுத்து உயரம் 70 மி.மீ., அகலம் 40, கோட்டுத் தடிமன் 10. அலங்கார எழுத்து கேட்டால் மறுத்துவிடுங்கள். லோரி வைத்திருப்பவர்கள் கதவில் கம்பெனி பெயர், முகவரி, சரக்கில்லாத எடை, சரக்கோடு எடை என்று கட்டாயமாகப் போட வேண்டியது இருப்பதால் அது நின்றுபோகாத வேலை, இரண்டு மூன்று லோரி முதலாளிகளைப் பிடித்து வையுங்கள்.

அதே மெஷினில் டி-சட்டைக்கும் வெட்டலாமா?

தாராளமாக. பாதயாத்திரைக் குழு, கால்பந்துக் குழு என்று ஆர்டர் வரும். சூட்டில் ஒட்டும் வினைலைப் பின்பக்கமிருந்து வெட்டுவதால் எழுத்தைக் கண்ணாடியில் தெரிகிற மாதிரி திருப்பிப் போட வேண்டும். சூடாக அழுத்தி ஒட்டும் ஹீட் பிரஸ் தனிச் செலவு.

கையில் காசு இல்லை. கடன் கிடைக்குமா?

அரசின் சிறுதொழில் கடன் அமைப்பான தெக்குன் நேஷனலில் இந்தியத் தொழில்முனைவோருக்கு ஸ்புமி திட்டம் இருக்கிறது, பக்கத்துக் கிளையில் போய் நேரடியாக விசாரியுங்கள். எஸ்.எஸ்.எம். (நிறுவனப் பதிவு ஆணையம்) பதிவைக் கையில் வைத்துக்கொண்டு போங்கள்.

பழைய மெஷின் வாங்கலாமா?

நல்ல ஜப்பான் மெஷின் என்றால் புதுச் சீனா மெஷினைவிட அதையே எடுப்பேன், ஆனால் ஓடுவதைப் பார்க்காமல் இல்லை. மூடியைத் திறந்து ரப்பர் ரோலரை விரலால் உருட்டுங்கள், ஒரு பக்கம் தட்டையாகி இருந்தால் ரொம்ப நாள் அழுத்திய நிலையிலேயே கிடந்திருக்கிறது என்று அர்த்தம். டெஃப்லான் பட்டையில் பள்ளத்தைப் பாருங்கள், அது மாற்றக்கூடிய பொருள், விலை பேச மட்டும் வைத்துக்கொள்ளலாம். பிளேடு தாங்கியைக் கையால் மெதுவாக ஆட்டிப் பாருங்கள், ஆட்டம் கண்டால் விட்டுவிடுங்கள். பழைய மாடல்களில் பேரலல், சீரியல் இணைப்பு மட்டும் இருக்கும், உங்கள் லேப்டாப்பில் அந்த ஓட்டையே இருக்காது. அதனால் லேப்டாப்பையும் கையோடு கொண்டு போய், அங்கேயே டிரைவர் போட்டு, உங்கள் ‘கண்ணன் ஸ்டோர்ஸ்’ ஃபைலை வெட்டி உரித்துப் பார்த்த பிறகு பணத்தை எடுங்கள்.